கேட்டால் அழித்துவிடுவார்

1. பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று ஒலிப்பதிவு அறைக்கு வந்து அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "டேப்பை அழிக்கிற மிஷின் இருக்கா?"

2. இருக்கிறது என்றேன். பார்க்க வேண்டும் என்றார். மேசைக்குக் கீழே கிடந்த மின்காந்தப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டிக் காட்டினேன்.

3. கைப்பையிலிருந்து ஒரு ரீலை எடுத்தார். மலேசியாவிலிருந்து தன்னோடு கொண்டுவந்தது. அதில் பாடியிருந்தவர் வழியனுப்ப விமான நிலையத்துக்கு வந்து, அது நன்றாக வரவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

4. காந்தத்தில் கெட்டுப்போகும் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்தார். "யாராவது ஒருத்தர் பக்கத்துல இருந்து பார்க்கணும்" என்றார். பிறகு ரீலைப் பெட்டியின் மேல் வைத்து, மெதுவாகச் சுற்றி, அழித்தார்.

5. "பசியாறிட்டியா தங்கச்சி?" என்று கேட்டார்.

எல்லாம் இந்த ஒழுங்கில்தான் நடந்தது. நான் மின்னியல் படித்தவள். டேப்பை நிமிர்த்தி வைக்க வேண்டும், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது, எதற்கும் ஒரு காப்புப் பிரதி எடுக்க வேண்டும். இவைதான் எனக்குக் கற்பிக்கப்பட்டவை. பழைய பாட்டுகளைச் சேகரிப்பதற்கென்றே கூப்பிட்டு வேலை கொடுக்கப்பட்ட ஒருவர் வந்தவுடன் அழிக்கும் பெட்டியைத் தேடியது எனக்கு விளங்கவில்லை.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மலேசியாவில் கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த தமிழர். மலாய், சயாமிஸ், கம்போடியர்களின் கெமர் மூன்றும் பேசுவார். தாய்லாந்து எல்லையோரத்து நிழல்பொம்மை ஆட்டமும், கம்போடிய அரண்மனை நடனத்துக்குப் பாடும் பாட்டும் அவருடைய துறை. நியூசிலாந்தில் ஓக்லாந்துக்கு அகதிகளாக வந்துகொண்டிருந்த கம்போடியர்களிடையே பாடகர்களும் வாத்தியக்காரர்களும் இருக்கக்கூடும் என்று பல்கலைக்கழகம் நினைத்தது. அவருக்கு இரண்டு வருட ஒப்பந்தம் கொடுத்தது. விசாவும் அதே இரண்டு வருடத்துக்குத்தான்.

முதலில் நான் அவரை மேடம் என்று கூப்பிட்டேன். "மேடம்னா யாரோ வெள்ளக்காரியத் தேடுறேன் லா நானு" என்றார். அதற்குப் பிறகு அக்கா.

அக்காவின் வேலை முறை வேறு யாரிடமும் நான் காணாதது. ஒருவரிடம் பதிவு செய்தால், ஒரு வாரத்துக்குள் மெஷினைத் தூக்கிக்கொண்டு அதே ஆளிடம் திரும்பிப் போவார். பதிவு முழுவதையும் அவருக்குப் போட்டுக் காட்டுவார். அரை மணி என்றால் அரை மணி, இரண்டு மணி என்றால் இரண்டு மணி. கேட்கிறவரின் முகத்தைப் பார்க்கமாட்டார், கைகளைத்தான் பார்ப்பார். முடிந்ததும் ஒரே கேள்வி: "வச்சுக்கட்டுமா?" வேண்டாம் என்றால், அந்த ஆளைப் பல்கலைக்கழகம் இருக்கும் சைமண்ட்ஸ் வீதிக்குக் கூட்டிவந்து, எங்கள் அறையில், அவர் கண் முன்னால் அழிப்பார். தனியாக அவர் எதையும் அழித்து நான் பார்த்ததில்லை.

பெரும்பாலானவர்கள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அக்காவுக்கு அந்தச் சம்மதம் ஒரு தடவையோடு போதாது. கிளந்தானிலிருந்து பொறியியல் படிக்க வந்த ஒரு மலாய்ப் பையன், ஊரில் தன் மாமன் நிழல்பொம்மை ஆட்டுவதைப் பார்த்துப் பார்த்து, கோமாளிப் பொம்மைகளின் பேச்சை அப்படியே பேசுவான். சிரித்துச் சிரித்துப் பதிவு செய்தோம். வைத்துக்கொள்ளுங்கள் என்றான். அடுத்த வாரம் அவனை நூலகப் படியில் கண்டதும் அக்கா திரும்பவும் கேட்டார். பரீட்சைக்கு முதல் நாள் மறுபடியும் கேட்டார். அவன் புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டு, "கக், என்னை அழிக்கிறதுல உங்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை?" என்றான். கக் என்றால் அவர்கள் மொழியில் அக்கா.

"ஆசை இல்லடா. நாளைக்கு நீ பெரிய இஞ்சினியர் ஆயி, இதைக் கேட்டு வெட்கப்படக்கூடாதே" என்றார். சொல்லும்போது சிரித்தார். ஆனால் அவன் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

இன்னொரு பழக்கம். வீடுகளில் பதிவு செய்யப் போனால் ஃப்ரிட்ஜை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அதன் இரைச்சல் விழும். நிறுத்தினால் திரும்பப் போட மறந்துவிடுவோம். அதனால் அக்கா தன் கார்ச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவார். வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் வைப்பார். "உங்க மீன் பக்கத்துல என் சாவி கொஞ்ச நேரம் இருக்கலாமா?" கிளம்பும்போது சாவி தேடுவோம், ஃப்ரிட்ஜ் ஞாபகம் வரும். அவருடைய சாவிக்கொத்தில் எப்போதும் மீன் வாசனை இருக்கும்.

அவர் பாடமாட்டார். நூற்றுக்கணக்கான பாட்டுத் தெரிந்தவர் வாய்க்குள் முணுமுணுத்தும் நான் கேட்டதில்லை. கிளென்ஃபீல்டில் நான் தங்கியிருந்த சித்தப்பா வீட்டில் சரஸ்வதி பூசைக்கு அவரைக் கூட்டிப் போனேன். பிள்ளைகள் எல்லாம் தேவாரம் பாடி முடித்ததும் சித்தப்பா அவரைப் பார்த்து, "மிஸ், நீங்களும் ஒண்டு படியுங்கோவன்" என்றார்.

"எனக்குப் பாட வராது அண்ணே."

"பாட வராமலோ பாட்டில ஆராய்ச்சி? அதுவும் எங்கட பாட்டை விட்டுப்போட்டு ஆற்றையோ பாட்டில?"

சித்தி குசினிக்குள் இருந்து, "இஞ்சாருங்கோ, வந்த ஆளைச் சாப்பிட விடுங்கோ" என்றார். அக்கா கோபிக்கவில்லை. "உங்க பாட்டுக்கு நீங்க இத்தனை பேர் இருக்கீங்களே அண்ணே" என்று மட்டும் சொல்லி, கடலையை வாங்கிக்கொண்டார்.

அவரைக் கொண்டுபோய் விடும்போது துறைமுகப் பாலத்தில் வைத்துக் கேட்டேன். "உண்மையா உங்களுக்குப் பாட வராதோ?"

"வரும். ஆனா எனக்கு வர்றதெல்லாம் மத்தவங்களோடது."

ஏன் அழிக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டவர்கள் என் அறிவில் மூன்று பேர். மூவருக்கும் மூன்று பதில். அந்த மலாய்ப் பையனிடம், அலமாரியில் இடமில்லை என்றார். துறைத் தலைவரிடம், அவர்கள் தந்தது, திருப்பிக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், குரலை வேறு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்றார். என்னிடம் சொன்னது கொஞ்சம் நீளம். கெடாவில் ஒரு பொம்மையாட்டக்காரரிடம் இருந்த கதைகள் எல்லாவற்றையும் அவர் இளவயதில் பதிவு செய்தாராம். அதன் பிறகு யாராவது அந்த ஆளிடம் கதை கேட்டுப் போனால், "எல்லாம் அந்தத் தமிழ்ப் பொண்ணுகிட்ட இருக்கு, அங்க போ" என்று அனுப்பிவிடுவாராம். "அந்த வருஷமே ஆட்டத்தையும் விட்டுட்டாரு. அப்புறம் நானும் ஊர்ல இல்ல. அலமாரிதான் இருந்துச்சு."

மூன்றில் எது உண்மை என்று நான் ஆராயவில்லை. மூன்றும் உண்மையாக இருக்கலாம்.

இரண்டாவது வருடம் நடுவில் சோக்கா அம்மாவைக் கண்டுபிடித்தோம். நகரத்தின் தெற்கே மாங்கெரேயில் அரசாங்க வீடு, பக்கத்தில் விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் பொதி கட்டும் வேலை. ஐம்பது வயதுக்கு மேல். புனோம்பென்னில் அரண்மனை நடனக் குழுவுக்குப் பின்பாட்டுப் பாடியவர். ஒரு குறிப்பிட்ட நடனத்தின் பாட்டு அவருக்கு முழுவதும் ஞாபகம் இருந்தது. அதைப் பாடத் தெரிந்த வேறு ஒருவரை அக்கா எந்த நாட்டிலும் சந்தித்ததில்லை.

அந்தப் பாட்டில் ஓரிடத்தில் முதல் குரல் தனியாக நான்கு அடி பாடும். பிறகு மற்றவர்கள் சேர்வார்கள். சோக்கா அம்மா மற்றவர்களில் ஒருவர். முதல் குரல்காரி அவருடைய சிநேகிதி. போரில் வென்ற படை புனோம்பென்னிலிருந்து எல்லோரையும் வெளியே துரத்திய நாளில், ஒரு பாலத்தடியில், கூட்டத்தில் பிரிந்தார்கள். அதற்குப் பிறகு அவளைக் கண்டதாக ஒருவரும் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பதிவு செய்தோம். சாவி ஃப்ரிட்ஜுக்குள் போனது. விமான நிலையம் பக்கத்தில் என்பதால் விமானம் தலைக்கு மேலே போகும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தொடங்கினோம். பாடுவதற்கு முன்னால் சோக்கா அம்மா சமையலறை மேசையில் ஒரு டின்னில் அரிசி நிரப்பி ஊதுபத்தி குத்தினார். பக்கத்தில் வாழைப்பழமும் மெழுகுதிரியும் வைத்தார். கை கூப்பிக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பிறகு பாடினார்.

அந்த நான்கு அடி வந்தபோது மீட்டரின் முள் துள்ளியது. மைக் அசைந்துவிட்டது என்று நினைத்தேன். மைக் அசையவில்லை. குரல்தான் மாறியிருந்தது. மெல்லியதாக, உயரமாக, மூக்கின் முன்பக்கத்தில் நின்றது. நான்கு அடியும் முடிந்ததும் பழைய குரல் திரும்பி வந்தது. நான் அதுவரை செய்த பதிவுகளில் அதுதான் மிகச் சுத்தமானது.

காரில் ஏறி அக்கா வண்டியை எடுத்தார். பிறகு, "கவனிச்சியா? செத்துப்போன குருமார் பேரெல்லாம் சொன்னாங்க. குழுவுல செத்துப்போனவங்க பேரும் சொன்னாங்க. அந்த முதல் குரல்காரம்மா பேரை மட்டும் சொல்லல" என்றார். எனக்குக் கெமர் தெரியாது. ஓம் என்று மட்டும் சொன்னேன்.

துறைத் தலைவர் அந்தப் பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நல்ல மனிதர், இசை தெரிந்தவர். இதற்காகத்தான் இவரைக் கூப்பிட்டோம் என்றார். அக்காவின் ஒப்பந்தத்தை நீடிப்பதா இல்லையா என்று அடுத்த மாதம் ஒரு குழு கூடி முடிவெடுக்க இருந்தது. இந்த டேப்பை அவர்கள் முன்னால் போட்டுக் காட்டினால் போதும், வேறு எதுவும் தேவையில்லை என்றார். அது இல்லாவிட்டால் காட்டுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். ஒப்பந்தம் இல்லையென்றால் விசா இல்லை.

அக்கா போன பிறகு அவர் என் மேசைப் பக்கம் வந்து, நீ எப்போதும் ஒரு காப்புப் பிரதி எடுப்பாய், இல்லையா என்று கேட்டார். எடுப்பேன் என்றேன். அந்தப் பிரதியைப் பற்றிய பேச்சு மாங்கெரே வரைக்கும் போக வேண்டியதில்லை என்றார்.

அடுத்த வாரம் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனோம். சோக்கா அம்மா மாண்டரின் பழம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சுளைகளை எங்கள் இரண்டு பேருக்கும் தட்டில் பங்கு வைத்தார். நான்கு அடி தொடங்கியதும் அவருடைய விரல்கள் தோலுக்குள் நின்றுவிட்டன. அவை முடிந்த பிறகும் அசையவில்லை. பாட்டு முடிந்து, டேப்பின் வால் சுழன்று அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து நிறுத்தினேன்.

அக்கா தன் கேள்வியைக் கேட்டார். சோக்கா அம்மா நெடுநேரம் பேசினார். அக்கா எனக்குத் தமிழில் சொன்னார்.

"இது இருக்கக்கூடாதுங்கிறாங்க. பாடும்போது தெரியலையாம். இப்ப கேட்டா அது அவளோட குரலாம். அவ இடத்துல இவங்க உட்கார்ந்துட்ட மாதிரி இருக்காம். அவ செத்துட்டான்னு இவங்களே சொன்ன மாதிரி."

"அந்த நாலு அடியை மட்டும் வெட்டி எடுக்கலாம் அக்கா. பிளேடால வெட்டி ஒட்டினால் தெரியாது. மிச்சம் இருக்கும்."

அக்கா அதைக் கெமரில் சொன்னார். அவர் ஒருவரிடம் இரண்டாவது வழி சொல்லிக் கேட்டதை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். குரல் கொஞ்சம் கெஞ்சுவது போல இருந்தது. சோக்கா அம்மா என்னைத்தான் பார்த்தார். கோபமில்லை. ஆங்கிலத்தில் என்னிடமே சொன்னார், எனக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாக: அவளை வெட்டவா?

அக்கா மேசையில் கிடந்த தோலை எல்லாம் ஒன்றாகக் குவித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் தமிழில் கேட்டார்.

"தங்கச்சி, இன்னொரு பிரதி இருக்கில்ல?"

தமிழில் கேட்டது எதற்காக என்று அந்த நேரமே எனக்கு விளங்கியது. சோக்கா அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இல்லை என்று நான் சொன்னால் அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் முடிந்துவிடும். அக்கா ஓக்லாந்தில் இருப்பார். பாட்டும் இருக்கும்.

இலங்கையில் எங்கள் அண்ணாவை வவுனியாவில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு ஒரு செய்தியும் இல்லை. அவருடைய படத்தை அம்மா சாமி அறையில் வைக்க யாரையும் விடமாட்டார். மாமா ஒரு தடவை பூமாலை வாங்கிக்கொண்டு வந்தபோது, அதை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

"ஓம். இருக்கு."

"எங்க?"

"என்ர அலுமாரியில."

"சரி. நாளைக்கு அதையும் எடுத்து வை" என்றார். பிறகு கெமரில் சோக்கா அம்மாவிடம் நீளமாக ஏதோ சொன்னார். இரண்டு பிரதி என்ற விஷயத்தைத்தான் சொல்லியிருக்க வேண்டும், சோக்கா அம்மா இரண்டு விரலைக் காட்டித் தலையாட்டினார்.

மறுநாள் வேலை முடிந்து, நீல நிற வேலைக் கோட்டோடு சோக்கா அம்மா எங்கள் அறைக்கு வந்தார். அவர் கையில் கடிகாரம் இருக்கிறதா என்று அக்கா பார்த்தார், இல்லை. முதல் ரீலைத் தானே அழிக்கிறேன் என்று சோக்கா அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். மெதுவாகச் சுற்றி, கை நீளத்துக்கு விலக்கிய பிறகு நிறுத்த வேண்டும் என்று நான் சொன்னதை அப்படியே செய்தார். காப்புப் பிரதியை அக்கா அழித்தார். இரண்டையும் மெஷினில் போட்டுக் கேட்டோம். ஒன்றுமில்லை. டேப்பின் சீறல் மட்டும் இருந்தது.

அடுத்த நாள் நான் அக்காவின் மேசைப் பக்கம் போகவில்லை. அவரும் பசியாறிட்டியா என்று கேட்கவில்லை. என் கோபம் யார் மேல் என்று எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்து ஓம் என்று சொன்னது நான். ஆனால் அழிக்கும் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய முதல் நாள் கேள்விதான் காதில் விழுந்தது. கோபம் ஒரு வாரம் இருந்தது, பிறகு இல்லை.

குழு கூடியது. ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. காரணம் என்று எதுவும் சொல்லப்படவில்லை. துறைத் தலைவர் என்னைப் பிறகு எதற்கும் கடிந்துகொள்ளவில்லை. காப்புப் பிரதிகளைப் பற்றி என்னிடம் கேட்பதை மட்டும் விட்டுவிட்டார்.

மிச்சமிருந்த மாதங்களில் அக்கா வியாழக்கிழமைகளில் மாங்கெரேக்குப் போனார். மெஷின் இல்லாமல் போனார். இரண்டு மூன்று தடவை நானும் போனேன். சோக்கா அம்மா தன்னுடன் ஒரே ஷிஃப்டில் வேலை செய்யும் மூன்று கம்போடியப் பெண்களுக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார். பின்பாட்டுப் பகுதிகளை மட்டும். மூவருக்கும் முப்பது வயதுக்கு மேல். பாதிப் பாட்டில் ஒருத்தி அடுப்பில் சோறு வைத்தது ஞாபகம் வந்து எழுந்து ஓடுவாள், மற்றவர்கள் சிரிப்பார்கள், சோக்கா அம்மா கரண்டியால் மேசையைத் தட்டித் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார். பதிவு இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று அக்காவிடம் கேட்டேன். "தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசக்கூடாது" என்றார்.

போவதற்கு முந்திய வாரம், அவருடைய புத்தகப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் கேட்டேன்.

"அக்கா, அந்த நாலு அடியும் உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு."

"ஒருக்கால் பாடுவீங்களோ? எனக்கு மட்டும்."

கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். "என்கிட்ட கேக்காதம்மா. கேக்க வேண்டிய ஆளு மாங்கெரேயில இருக்காங்க" என்றார்.

நான் சோக்கா அம்மாவிடம் கேட்கவில்லை.

அக்கா இப்போது பினாங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். நான் அதே அறையில் வேலை செய்கிறேன். ஏப்ரலில் கம்போடியர்களின் புது வருடத்துக்கு மாங்கெரேயில் ஒரு பள்ளி மண்டபத்தில் அந்த நடனம் ஆடப்படுகிறது. சோக்கா அம்மாவும் மூன்று பெண்களும் பாயில் உட்கார்ந்து பாடுகிறார்கள். அந்த இடம் வந்ததும் நால்வரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். மேளமும், இந்த ஊர் ரிமு மரத்தில் செய்த கட்டை வாத்தியமும் நிற்காமல் போகின்றன. ஆடுகிறவர்களும் நிற்பதில்லை. நான்கு அடிக்கான நேரம் முடிந்ததும் மூன்று பெண்களும் சோக்கா அம்மாவைப் பார்க்கிறார்கள், அவர் தலையசைக்க, சேர்ந்து பாடுகிறார்கள். முதல் குரல்காரியைப் பற்றி இதுவரை ஒரு செய்தியும் வரவில்லை.